2 ஜிபி வரம்பும் 90 நாள் அழிப்பும்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர், நிதிப் பிரிவுத் தலைவர் ஆகியோரின் கவனத்துக்கு,

சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையில் மூன்றே வரிகள். அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் எல்லோருடைய மெயில் பெட்டிக்கும் 2 ஜிபி வரம்பு. 90 நாளைத் தாண்டிய மெயில் எல்லா ஃபோல்டரிலும் தானாக அழிக்கப்படும். யாருக்கும் விலக்கு கிடையாது. மெயில் சர்வரைப் பராமரிக்கும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவு இது. இதை அப்படியே நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்திருப்பதால், அப்படிச் செய்தால் 1-ஆம் தேதி காலையில் என்ன நடக்கும், 3 மாதம் கழித்து என்ன நடக்கும் என்பதை எழுத்தில் வைக்க வேண்டியது எங்கள் கடமை. எல்லாப் பிரிவினரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறோம்.

டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. அதை முதலில் சொன்னதே நாங்கள்தான். வரம்பு வேண்டும் என்பதிலும் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. வரம்பே இல்லாத சர்வரில் ஒருவர் பெட்டி ஊதிப்போனால் 120 பேருக்கும் மெயில் நிற்கும். ஆனால் வரம்பு வைக்கிற விதம் ஒன்று இருக்கிறது.

நம் சர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும். வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ். அதைப் பெட்டியில் போட்டு, கேட்கும்போது எடுத்துக்கொடுப்பது டவ்காட். கோட்டாவை, அதாவது ஒவ்வொரு பெட்டியின் இட வரம்பை, கணக்குப் பார்ப்பதும் டவ்காட்தான். அதில் எச்சரிக்கை மெயில் அனுப்பும் வசதி இருக்கிறது: பெட்டி 80 சதவீதத்தைத் தொட்டால் ஒன்று, 95-ஐத் தொட்டால் இன்னொன்று என்று வைக்கலாம். இந்த எச்சரிக்கை, பயன்பாடு அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே கடக்கிற அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் கிளம்பும். இன்றைக்கு 6 ஜிபி வைத்திருப்பவருக்கு ராத்திரியோடு ராத்திரியாக 2 ஜிபி வரம்பு போட்டால், அவர் எந்தக் கோட்டையும் கடப்பதில்லை. ஏற்கனவே அந்தப் பக்கம் நிற்கிறார். அவருக்கு ஒரு எச்சரிக்கைகூட வராது. பெட்டி நிரம்பியதை அவர் தெரிந்துகொள்வதே, நம் ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் போன் போட்டு ‘உங்களுக்கு மெயில் போக மாட்டேன் என்கிறது’ என்று சொல்லும்போதுதான். மெர்ச்சன்டைசிங் (பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் பிரிவு), ஷிப்பிங் இரண்டிலும் 2 ஜிபிக்குக் கீழே இருக்கும் பெட்டி அபூர்வம். 1-ஆம் தேதி காலை அத்தனை பெட்டிகளும் ஒரே நேரத்தில் வாசலைச் சாத்தும்.

சாத்துகிற விதத்தையும் கவனியுங்கள். சர்வர் திருப்பியனுப்பும் பதிலில் ஒரு எண் இருக்கும். 552 என்றால் நிரந்தர மறுப்பு. அனுப்பிய சர்வர் மறுபடி முயலாது, உடனே ‘பெட்டி நிரம்பிவிட்டது’ என்று பையருக்குத் திருப்பிவிடும். 452 என்றால் தற்காலிக மறுப்பு. அனுப்பிய சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி தட்டிப் பார்க்கும். பெரும்பாலான சர்வர்கள் 4, 5 நாள் வரை இப்படிக் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாக இருக்கும் அளவும் 5 நாள்தான். இப்போது நம் சர்வரில் இருக்கும் அமைப்போ இரண்டுக்கும் மோசமானது: மெயிலை முதலில் வாங்கிக்கொள்கிறது, பெட்டிக்குள் போடும்போது இடமில்லை என்று தெரிந்ததும் ‘மெயில் போய்ச் சேரவில்லை’ என்று தானே ஒரு பவுன்ஸ் மெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இதுவரை வரம்பே இல்லாததால் இது யாரையும் பாதிக்கவில்லை. ஸ்பாம் மெயிலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. நிரம்பிய பெட்டிகளுக்கு வரும் ஸ்பாம் எல்லாவற்றுக்கும் நம் சர்வர் யாரோ சம்பந்தமில்லாதவர்களுக்கு பவுன்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தால், நம் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். அப்புறம் பெட்டியில் இடம் இருப்பவர்கள் அனுப்பும் மெயிலும் வெளியே போகாது.

திருப்பூரில் இந்த 5 நாள் கணக்குக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பிவந்து கம்பெனி முழுசாக ஓட ஆரம்பிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஐரோப்பாவில் இருக்கும் பையருக்கு அது சாதாரண வேலை வாரம். லீவின் முதல் நாள் நிரம்பிய பெட்டிக்கு, 452 கொடுத்தாலும், அடுத்து வந்த ஆர்டர் மெயில்கள் 6-ஆம் நாள் திரும்பிப் போயிருக்கும்.

பெட்டி நிரம்பியவர் மேசையில் என்ன தெரியும் என்பதையும் சொல்கிறோம். மாலை 6 மணி. ஷிப்பிங்கில் ஒருவர் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்ட் மூன்றையும் இணைத்து, சரக்கை ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டருக்கு அனுப்புகிறார். அனுப்புவது ஒரு வழி, அனுப்பியதன் நகலை ‘சென்ட்’ ஃபோல்டரில் சேமிப்பது இன்னொரு வழி. முதலாவது எஸ்எம்டிபி, அதற்குக் கோட்டா கிடையாது, மெயில் போய்விடும். இரண்டாவது ஐமேப், சர்வரில் உள்ள பெட்டியைப் பார்க்கவும் அதில் சேமிக்கவும் உள்ள வழி; அங்கே ‘இடமில்லை’ என்று பிழை வரும். திரையில் தெரிவது அந்தப் பிழை மட்டும்தான். அவர் மெயில் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவார். ஃபார்வர்டர் கையில் ஒரே ஷிப்மென்டுக்கு இரண்டு மூன்று செட் ஆவணம். நடுவில் ஒரு திருத்தம் செய்து அனுப்பியிருந்தால் எது கடைசி என்று அவருக்குத் தெரியாது. நம் பக்கம் ‘சென்ட்’ ஃபோல்டரில் ஒன்றுகூட இருக்காது. டவ்காட் இயல்பாக 10 சதவீதம் சலுகை தருகிறது என்று யாராவது சொல்லலாம். அது பெட்டியை நிரப்பும் கடைசி உள்வரும் மெயிலுக்கு மட்டும். ஐமேப் வழியாகச் சேமிப்பதற்குக் கிடையாது. ஆகவே ‘சென்ட்’ நகல்தான் முதலில் அடிபடும்.

சரி, அழித்து இடம் பண்ணலாம் என்றால் அதுவும் முடியாமல் போகும். பழைய மெயில் மென்பொருள்களில் டெலீட் அழுத்தினால், மெயிலை முதலில் ‘டிராஷ்’ ஃபோல்டருக்கு நகலெடுக்கும், பிறகுதான் மூலத்தை எடுக்கும். நகலெடுக்கவே இடம் இல்லாதபோது டெலீட்டும் தோற்கும். இதற்காகத்தான் டிராஷுக்கு மட்டும் 100 எம்பி போலக் கூடுதல் இடம் தனி விதியாக வைப்பார்கள். சுற்றறிக்கையில் சொன்ன ஒற்றை வரம்பில் அந்த விதிக்கு இடமில்லை.

இடத்தை உண்மையில் தின்பது எது? மெயிலின் எழுத்து அல்ல. ஆயிரக்கணக்கான எழுத்து மெயில்களைச் சேர்த்தாலும் ஒரு டெக் பேக் (ஆடையின் வடிவம், அளவு விவரங்கள் அடங்கிய கோப்பு) அளவு வராது. இணைப்புகள் மெயிலில் போகும்போது பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக மாற்றப்படுகின்றன. 3 பைட் 4 பைட்டாகும், வரிமுறிவையும் சேர்த்தால் ஏறத்தாழ 37 சதவீதம் வீக்கம். 8 எம்பி டெக் பேக் பெட்டிக்குள் 11 எம்பி. அதை உள்ளே 10 பேருக்கு அனுப்பினால் 10 பெட்டியிலும் 10 நகல், அனுப்பியவரின் சென்டில் ஒன்று: 121 எம்பி. ரிப்ளை செய்தால் இணைப்பு கழன்றுவிடும், ஃபார்வர்டு செய்தால் கூடவே வரும். ஆனால் மெயிலின் உடலுக்குள் ஒட்டிய படம் ரிப்ளையிலும் கழலாது. துணி ஷேடை, அதாவது நிறச் சாயலை, போனில் படமெடுத்து, 3 எம்பி படத்தை அப்படியே மெயிலுக்குள் ஒட்டி, ‘இது ஓகேவா’ என்று ஒருவர் கேட்கிறார். 15 ரிப்ளை ஓடினால் ஒவ்வொரு ரிப்ளையிலும் அதே படம். ஒரு பெட்டிக்கு 60 எம்பிக்கு மேல், ஒரே ஒரு ஷேடுக்காக. 90 நாள் கத்தி இதைத் தொடாது. அடுத்த 90 நாளில் இதே அளவு மறுபடி சேரும்.

இப்போது அந்த 90 நாள் விதிக்கு வருவோம். எங்களால் ஏற்க முடியாதது இதுதான்.

ஒரு ஆர்டர் விசாரணையில் தொடங்கி, லேப் டிப் (சாய மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு மாதிரி), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), பல்க் (மொத்த உற்பத்தி), இன்ஸ்பெக்‌ஷன், ஷிப்மென்ட் என்று முடியவே 90 நாளைத் தாண்டும். ‘பி ஆப்ஷன் ஷேடு ஓகே, பல்க் போடலாம்’ என்ற பையரின் மெயில் வருவது தொடக்கத்தில். ‘ஷேடு ஒத்துவரவில்லை, டிஸ்கவுன்ட் கொடு’ என்ற கிளைம் வருவது சரக்கு அங்கே இறங்கிய பிறகு. இந்த விதிப்படி, கிளைம் வரும் நாளில் ஒப்புதல் மெயில் நம்மிடம் இருக்காது, பையரிடம் இருக்கும். இதைவிடப் பலவீனமான நிலை ஏற்றுமதியாளருக்கு வேறு இல்லை.

சட்டமும் 90 நாளை ஏற்கவில்லை. கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. ஜிஎஸ்டி சட்டம் 36-ஆம் பிரிவில் கேட்பது, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். நம் இன்வாய்ஸ்களிலும் டெபிட் நோட்டுகளிலும் பாதிக்கு மேல் மெயிலில் வந்து மெயிலில் போகிறவை. பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்தால் போதாதா என்றால், 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மின்பதிவாக வைத்திருப்பதென்றால் அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்தத் தேதி எந்த நேரம் என்ற விவரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. அந்த விவரம் மெயிலின் ஹெடரில், அதாவது மெயிலோடு வரும் தலைப்புத் தகவலில், இருக்கிறது, பிரின்டில் வருவதில்லை. வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) கேட்கிறார்கள். மூலமே அழிந்த மெயிலுக்கு எதை வைத்து எங்களால் சான்றிதழ் கொடுக்க முடியும்?

‘தேவையானவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளட்டும்’ என்று சுற்றறிக்கைக் கூட்டத்தில் சொல்லப்பட்டதாக அறிகிறோம். நம்மில் எல்லோரும் பயன்படுத்துவது ஐமேப். அவுட்லுக்கில் தெரிவது சர்வரில் உள்ளதன் பிம்பம். சர்வரில் அழிந்தால் அடுத்த ஒத்திசைவில் கம்ப்யூட்டரிலும் போனிலும் சேர்ந்தே அழியும். தனியாக அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் இறக்கிவைத்தால் தப்பும், ஆனால் அந்தக் கோப்பு ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கும். நம் பேக்கப்பில் ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் இல்லை. அதை நெட்வொர்க் டிரைவில் திறந்து வேலை செய்வதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை, கோப்பு கெட்டுப்போகும் என்பதால். இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள் கடைசியில் செய்யப்போவது, கம்பெனி மெயிலைத் தங்கள் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது. அதற்கப்புறம் பையர் விலையும் காஸ்ட்டிங் ஷீட்டும் யார் கணக்கில் கிடக்கின்றன என்று நமக்குத் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போனால் கேட்கவும் முடியாது.

தினசரி பேக்கப் இருக்கிறதே என்ற பதிலும் போதாது. நாம் வைத்திருப்பது 30 நாள் சுழற்சி. இன்று அழிந்த மெயில் 31-ஆம் நாள் பேக்கப்பிலும் இருக்காது.

அழிப்பு விதியை எழுதும் இடத்தில் ஒரு நுணுக்கமும் உண்டு. டிராஷை மட்டும் சுத்தம் செய்வதற்கே இதைப் பார்க்க வேண்டும். மெயில் வந்த தேதியை வைத்து அழித்தால், போன வருடத்து மெயிலை ஒருவர் கை தவறி டிராஷில் போட்ட அன்று ராத்திரியே அது போய்விடும். அந்த ஃபோல்டரில் வந்து சேர்ந்த தேதியை வைத்துத்தான் நாளை எண்ண வேண்டும். டவ்காட்டில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. சுற்றறிக்கையில் ‘90 நாளைத் தாண்டிய’ என்பது எந்த 90 நாள் என்று சொல்லப்படவில்லை.

மாற்றாக நாங்கள் சொல்வது செய்து முடிக்கக்கூடியது, பெரிய செலவும் இல்லாதது.

வரம்பு வேலைக்கு ஏற்றதாக இருக்கட்டும். மெர்ச்சன்டைசிங், ஷிப்பிங் 30 பேருக்கு 20 ஜிபி. அக்கவுண்ட்ஸ், டாக்குமென்டேஷன் 20 பேருக்கு 10 ஜிபி. மீதி 70 பேருக்கு 2 ஜிபி. எல்லாம் சேர்ந்து 940 ஜிபி. எல்லோரும் ஒரே நாளில் வரம்பைத் தொட்டாலும் இப்போதிருக்கும் 2 டிபி டிஸ்கில் பாதிதான். பயனர் அட்டவணையில் ஒவ்வொருவர் வரியிலும் அவருக்கான வரம்பை எழுதிவிட்டால் டவ்காட் அதையே எடுத்துக்கொள்ளும். ஒருவர் பிரிவு மாறினால் ஒரு வரியை மாற்றினால் போதும்.

பழைய மெயிலுக்கு ‘ஆர்க்கைவ்’ என்று தனி நேம்ஸ்பேஸ் (தனி ஃபோல்டர் தொகுப்பு). அது இன்னொரு ஜோடி டிஸ்கில் இருக்கும். 4 டிபி சாதா ஹார்ட் டிஸ்க் இரண்டு, மிரரிங்கில், அதாவது ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் இருக்கும்படி. வேகம் குறைந்த டிஸ்க் போதும், பழைய மெயிலைத் தினமும் யாரும் திறப்பதில்லை. ஊழியருக்கு அது அவுட்லுக்கில் இன்னொரு ஃபோல்டராகவே தெரியும், தேடவும் முடியும். அதற்குத் தனிக் கோட்டா வைக்கலாம். இன்பாக்ஸ் கணக்கில் சேராது. ஆர்க்கைவில் சுருக்கத்தையும் இயக்கினால், பேஸ்64-ஆல் வீங்கிய இடத்தின் பெரும்பகுதி டிஸ்கில் திரும்பக் கிடைக்கும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: கோட்டா எண்ணுவது சுருக்காத அளவை. ஊழியர் திரையில் 12 ஜிபி என்று காட்டும்போது டிஸ்கில் அதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் வைத்து யாரும் தப்பாகக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஷிப்பிங் பொது முகவரிக்கு வரும் மெயில் இப்போது 9 பேருக்கு 9 நகலாகப் போகிறது. அதை ஒரே பகிர்வுப் பெட்டியாக மாற்றி 9 பேருக்கும் அனுமதி கொடுத்தால் ஒரே நகல். யார் பதில் போட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரிய டெக் பேக்குகளை உள்ளே மெயிலில் சுற்றுவதற்குப் பதில் ஃபைல் சர்வரில் ஸ்டைல் எண் போட்டு வைத்து, மெயிலில் அதன் சுட்டி (லிங்க்) மட்டும் அனுப்பலாம். இந்த இரண்டு வேலையிலும்தான் உண்மையான இடம் மிச்சமாகும்.

எச்சரிக்கை மெயில் தமிழில், வேலைக்கு ஆகிற மாதிரி இருக்க வேண்டும். நாங்கள் தயாரித்திருப்பது இது:

‘உங்கள் மெயில் பெட்டி 80 சதவீதம் நிரம்பிவிட்டது, 20 ஜிபியில் 16 ஜிபி. அதிக இடம் பிடித்திருப்பவை: சென்ட் 7.1 ஜிபி, இன்பாக்ஸ் 5.2 ஜிபி, ஸ்டைல் போட்டோ 3.1 ஜிபி. ஷிப்மென்ட் முடிந்த ஆர்டர்களின் மெயிலை ஆர்க்கைவுக்கு நகர்த்துங்கள். எதையும் அழிக்கத் தேவையில்லை. டிராஷை மட்டும் காலி செய்யுங்கள். 95 சதவீதத்தில் இன்னொரு மெயில் வரும்.’

இந்த மெயிலே கோட்டாவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, இதை மட்டும் வரம்பைப் பார்க்காமல் பெட்டியில் போடும்படி அமைக்க வேண்டும். மறந்தால் தேவைப்படுகிறவருக்கே இது போய்ச் சேராது. அமைப்பில் 95-ஐ முதலிலும் 80-ஐப் பிறகும் எழுத வேண்டும், ஏனென்றால் பொருந்துகிற முதல் விதியோடு டவ்காட் நின்றுவிடும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

90 நாள் தானியங்கி அழிப்பை இன்றே திரும்பப் பெறுங்கள். டிராஷ், ஸ்பாம் இரண்டு ஃபோல்டருக்கு மட்டும், அங்கே வந்து சேர்ந்து 30 நாள் ஆனவற்றை அழிக்க அனுமதி கொடுங்கள்.

2 ஜிபி பொது வரம்பை நிறுத்திவைத்து, மேலே சொன்ன பிரிவுவாரி வரம்புக்கு ஒப்புதல் தாருங்கள். அதையும் ஒரே நாளில் போடாமல், முதல் 3 வாரம் எச்சரிக்கை மட்டும், 4-ஆம் வாரம் வரம்பு என்று வைக்க விடுங்கள். தற்போதைய அளவே வரம்பைத் தாண்டியிருப்பவர்களின் பட்டியலை நாங்கள் எடுத்து, ஒவ்வொருவரிடமும் நேரில் உட்கார்ந்து ஆர்க்கைவுக்கு மாற்றிக் கொடுக்கிறோம்.

நிரம்பிய பெட்டிக்கு வரும் மெயிலை வாசலிலேயே, 452 என்ற தற்காலிக மறுப்புடன் நிறுத்தும்படி போஸ்ட்ஃபிக்ஸை மாற்ற 2 மணி நேர ஞாயிற்றுக்கிழமை நிறுத்தம் வேண்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு 3 நாள் முன்பு, 80 சதவீதத்தைத் தாண்டிய பெட்டிகளின் வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தும் அதிகாரத்தை, ஒவ்வொரு முறையும் கையெழுத்துக்கு வராமல், எங்களுக்கே தாருங்கள்.

ஆர்க்கைவுக்கான 4 டிபி டிஸ்க் இரண்டையும், அதற்கு இணையான ஒரு வெளி பேக்கப் டிஸ்கையும் வாங்க நிதிப் பிரிவு அனுமதிக்க வேண்டும். மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியலை இந்த மடலின் அலுவலகப் பிரதியுடன் கொடுத்திருக்கிறோம்.

எந்த மெயிலை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. ஆடிட்டரும் வழக்கறிஞரும் அக்கவுண்ட்ஸ் பிரிவும் உட்கார்ந்து, பிரிவுவாரியாக ஆண்டுகளைக் குறித்து, எழுத்தில் கொடுங்கள். அது கைக்கு வரும்வரை ஆர்க்கைவிலிருந்து ஒரு மெயிலையும் அழிக்க எங்களுக்கு உத்தரவிடாதீர்கள்.

1-ஆம் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. இந்த வார இறுதிக்குள் பதில் வந்தால் மேலே சொன்ன அத்தனையையும் அதற்குள் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்புக் குழுவினர்